அண்ணன் பேரில் எடுத்த கடன்

செனாய்
26 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு,

கைப்பேசியில் உங்கள் எண்ணை நான் தடுத்து வைத்து நாலு மாதம் ஆகிறது. தடையை எடுக்கப் போவதும் இல்லை. அதனால்தான் கடிதம். நீங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார், பிழை இருந்தால் சிவப்புப் பேனாவில் திருத்திக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். தொழிற்பேட்டைக்கு மதியச் சோறு கொடுக்க நான் சமையல்கூடம் போட்டபோது, சம்பளச் சீட்டு இல்லாதவளுக்குக் கடன் கிடையாது என்றது வங்கி. நீங்கள் அரசாங்க ஆசிரியர். "என் பேர்ல எடுத்துத் தர்றேன், மாசா மாசம் நீ குடுத்துடு, வீட்டு ஆளுக்குள்ள என்ன இருக்கு" என்றீர்கள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. உங்கள் சம்பளத்தில் அவர்கள் பிடிப்பதற்கு முன்பே எழுநூற்று ஐம்பத்தாறு வெள்ளி உங்கள் கணக்கில் விழுந்துவிடும். ஏழு வருடத்தில் ஒரு மாதம் தவறியிருக்கிறதா? கீமோ ஏறிய மாதங்களில்கூடத் தவறவில்லை. அப்போது மூன்று தவணையை மட்டும் நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டேன். "சம்பளத்துல நேரா பிடிக்கிறாங்க கிளாரிசா, நான் என்ன பண்றது?" என்றீர்கள். வளையலை விற்றேன், இன்றுவரை தவணை அந்தக் காசில்தான் போகிறது. விற்ற அன்றைக்குத்தான் உங்கள் எண்ணையும் தடுத்தேன்.

போன மாதம் உடம்பு கொஞ்சம் தேறியதும் வங்கிக்குப் போனேன். கடனோடு சேர்த்து ஒரு தவணைப் பாதுகாப்புக் காப்புறுதி இருக்கிறது, நோய் வந்தால் மீதியை அவர்கள் கட்டிவிடுவார்கள் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. "பேங்க்ல கட்டாயம்னுட்டாங்க, பயப்படாத, உனக்கும் நல்லதுதான்" என்றீர்கள். அதற்கு நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி. அதையும் கடனிலேயே சேர்த்து, அதற்கும் வட்டி போட்டு, நான்தான் கட்டிக்கொண்டு வருகிறேன். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது லியோனார்ட் சாருக்குச் சீக்கு வந்தாத்தான். உங்களுக்கு இல்ல" என்றாள். கட்டாயமா என்று கேட்டேன். "இல்லையே, வேணும்னா போடலாம், வேணாம்னா விட்டுடலாம்." 

ஜோகூர் பாருவில் பயனீட்டாளர் சங்கத்தில் மீனலோசனி என்று ஓர் அம்மா இருக்கிறார். கட்டாயம் என்று பொய் சொல்லி விற்ற காப்புறுதியைத் திருப்பிக் கேட்கலாம், வட்டியோடு ஏழாயிரம் வரை வர வாய்ப்பு உண்டு என்கிறார். இதே போல் ஏமாந்த பத்துப் பதினைந்து பேருடைய புகாரைச் சேர்த்து, ஏப்ரல் கடைசியில் அந்த வங்கியின் தலைமையகத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறார். ஆனால் கடன் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பணம் வந்தால் கடை முன்பணம் கட்டி, நோயால் அணைந்த அடுப்பை மறுபடியும் பற்ற வைத்துவிடுவேன். இல்லையென்றால் ஐம்பது வயதில் யாருடைய கெண்டினிலாவது தட்டுக் கழுவ வேண்டியதுதான். புகாரை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறித்த இடத்தில் ஒரு கையெழுத்து. அதற்கு மேல் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

கிளாரிசா


கோத்தா திங்கி
14 மார்ச் 2024

அன்புத் தங்கை கிளாரிசாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் கடிதம் கிடைத்தது. உன் உடல்நலம் தேறி வருவதறிந்து நானும் உன் அண்ணி பேட்ரிசியாவும் மகிழ்ந்தோம். ஒவ்வொரு நாளும் செபமாலையில் உன்னை நினைக்கிறோம். ஜனவரி வெள்ளத்தில் வரவேற்பறைத் தரை முழுதும் பெயர்ந்துவிட்டது. பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் வேலை உனக்குத் தெரியாததல்ல. ஆகவே பதில் தாமதம்.

நீ அனுப்பியதைப் படித்தேன். உன் வருத்தம் புரிகிறது. ஆயினும் ஏழு ஆண்டுக்கு முந்தைய காரியத்தை இப்போது கிளறுவதில் என்ன பயன்? வங்கியோடு மோதுவது நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாது. அன்று வங்கியில் கடனை ஏற்பாடு செய்து தந்த ஜெயபாலன் நமக்குத் தெரிந்த பையன், உன் சோற்றுப் பொட்டலத்தை வாங்கித் தின்றவன். அவன் மீது பழி விழும். தவக்காலத்தில் ஒருவன் வயிற்றில் அடிக்க வேண்டுமா?

மேலும், நான் கையெழுத்திடும் எதையும் நிதானமாகப் படித்துத்தான் இடுவேன். அது என் பழக்கம். பள்ளி விடுமுறை வரட்டும், பார்க்கலாம்.

பேட்ரிசியா உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாரிடமாவது கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
லியோனார்ட்


செனாய்
2 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

ஊறுகாய் வந்தது. கையெழுத்து வரவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு பூசைக்கு நீங்கள் ஜோகூர் பாரு கோயிலுக்கு வருவீர்கள் என்று தெரிந்துதான் நானும் வந்தேன். தலையில் முடி இன்னும் சரியாக வளரவில்லை, துணியைக் கட்டிக்கொண்டு வந்தேன். உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால்தான் இருந்தேன். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அண்ணி திரும்பி என் கையைப் பிடித்து அழுதார். நீங்கள் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிட்டு பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பூசை முடிந்து வெளியே வருவதற்குள் உங்கள் கார் போய்விட்டது. கடன் கொடுத்தவனைப் பார்த்து வாங்கியவன் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது.

பள்ளி விடுமுறை வரட்டும் என்கிறீர்கள். நிதானமாகப் படிக்கிறவருக்கு ஒரு பக்கம் படிக்க ஒரு மாதம் பிடிக்குமா? உங்களிடம் படிக்கிற பிள்ளைகள் பாவம்.

ஜெயபாலனுக்காக இரக்கப்படுகிறீர்கள். மலருக்காக யார் இரக்கப்படுவது? ஆறு வருடம் என்னோடு நின்று குழம்பு கொதிக்க வைத்தவள். கடையை மூடிய அன்று அவளுக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லாமல் பெரிய குளிர்பெட்டியை விற்றேன். "அக்கா, நீங்க மறுபடி திறந்தா எனக்கு ஒரு போன் போடுங்க, வந்துடறேன்" என்றாள். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. வழியில் பார்த்தால் எப்போது திறப்பீர்கள் என்றுதான் கேட்கிறாள். என்ன சொல்ல? எங்கள் அண்ணன் படித்துக்கொண்டிருக்கிறார் என்றா?

மீனலோசனி அம்மா இந்த மாதம் இருபத்தாறாம் தேதி கோலாலம்பூர் போகிறார். அதற்குள் வேண்டும். உங்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். காப்புறுதி கட்டாயம் என்று ஜெயபாலன் சொன்னானா, இல்லையா? ஆமாம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். அவ்வளவுதான்.

கிளாரிசா


கோத்தா திங்கி
13 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்குப் புகழ்.

நோன்புப் பெருநாள் விடுமுறையில் உட்கார்ந்து நன்கு யோசித்தேன். நீ அனுப்பிய தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். அதில், 'இக்காப்புறுதி இன்றிக் கடன் வழங்கப்படாது என வங்கி அதிகாரி என்னிடம் கூறினார்' என்று எழுதியிருக்கிறது. அவ்வாறு நான் எழுதித் தர முடியாது. முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு பொய்க் கையெழுத்து இட்டதில்லை. ஓய்வு பெறும் வேளையில் அதைத் தொடங்க மாட்டேன்.

நீ ஏன், எதற்கு என்று கேட்காதே. சில காரியங்களைக் கேட்காமல் இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது. பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை ஆகிவிடும்.

கடை முன்பணத்துக்கு ஆயிரம் வெள்ளி என்னால் தர முடியும். கடனாக அல்ல, அண்ணன் தருவதாக வைத்துக்கொள். பேட்ரிசியாவுக்குத் தெரிய வேண்டாம்.

லியோனார்ட்


செனாய்
21 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

பூதம் புறப்பட்டுவிட்டது.

நீங்கள் ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அதனால் சொன்னவனையே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். ஜெயபாலன் வங்கியை விட்டு மூன்று வருடமாகிறது. கூலாயில் கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு ஓடி வந்து நாற்காலி போட்டான். உன்னைத் திட்டத்தான் வந்தேன் என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா தப்பா என்று நீங்களே திருத்துங்கள். "அக்கா, சத்தியமா நான் வேணாம்னுதான் சொன்னேன். கவர்மெண்ட் வேலை, உங்களுக்கு எதுக்கு சார், சிஸ்டர்தானே கட்டப் போறாங்க, அவங்களுக்கு ஒண்ணுன்னா இது செல்லாதுன்னேன். அவரு கேக்கல. நாளைக்கு நான் போய்ட்டா இந்தக் கடன் என் ஒய்ஃப் தலையில விழக்கூடாது, போடு ஜெயான்னாரு. காசு அதிகமாகுமே சார்னேன். அது கடன்லயே சேரட்டும், அவதானே கட்டப் போறான்னாரு. எனக்குக் கமிஷன் வரும், நான் அதுக்கு மேல பேசல. அதுதான் நான் பண்ண தப்பு, லா."

அவதானே கட்டப் போறா.

அண்ணா, உங்கள் மனைவிக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். அண்ணிக்காகக் கூடுதலாகக் கட்டு என்றால் வாயைத் திறக்காமல் கட்டியிருப்பேன். அண்ணி மேல் எனக்கு அவ்வளவு பிரியம். நீங்கள் கேட்கவில்லை. கட்டாயம் என்றீர்கள். உனக்கும் நல்லது என்றீர்கள். மருந்து ஏறி வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தபோது, எப்படியும் காப்புறுதி இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் தூங்கினேன். உங்களுக்குச் சாவு வந்தால் உங்கள் வீடு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்கு நான் வளையல் விற்றுக் கட்டியிருக்கிறேன்.

வங்கிக்காரன் ஏமாற்றினான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பயனீட்டாளர் சங்கத்தில் அழுதேன். வெட்கமாக இருக்கிறது.

உங்கள் ஆயிரம் வெள்ளியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்குத் தெரியாமல் வருகிற எதுவும் எனக்கு வேண்டாம்.

கிளாரிசா


கோத்தா திங்கி
24 ஏப்ரல் 2024

கிளாரிசாவுக்கு,

உன் கடிதத்தைப் பள்ளியில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ஒரு கார் கழுவுகிறவன் சொன்னதை வைத்து அண்ணனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாய். சரி, என் பக்கத்தையும் கேள்.

அறுபதாயிரம் வெள்ளிக் கடனை யார் பேரில் சுமந்தாய்? என் பேரில். பத்து ஆண்டுக்கு என் சம்பளத்தில் உன் கடன் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளத்தில் பெயர்ந்த தரையைப் போட வங்கியில் கேட்டேன். "உங்க சம்பளத்துல இனிமே பிடிக்க இடமில்ல சார்" என்று கையை விரித்தார்கள். இன்றைக்கும் உன் அண்ணி சிமெண்டுத் தரையில் காய்கறி நறுக்குகிறாள். அதை உன்னிடம் ஒரு நாளாவது சொல்லிக் காட்டினேனா?

நீ தனி ஆள். உனக்குப் பின்னால் யாரும் இல்லை. எனக்கு மனைவி இருக்கிறாள், அவளுக்கு வேலை கிடையாது, சொந்தமாக ஒரு காசு கிடையாது. நான் இடையில் போயிருந்தால் உன் சமையல்கூடம் அவளுக்குச் சோறு போட்டிருக்குமா? அவளைக் காப்பாற்ற ஒரு வழி செய்தேன். கணவன் என்றால் செய்யத்தான் வேண்டும். மறுபடி அதே இடத்தில் உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன். கடன் உன்னுடையது, அதன் செலவும் உன்னுடையது. இதில் அநியாயம் எங்கே இருக்கிறது? உன்னிடம் விவரமாகச் சொல்லாதது ஒன்றுதான் குறை. சொல்லியிருந்தால் நீ வேறு ஆளைத் தேடியிருப்பாய், கடையே வந்திருக்காது.

போகட்டும். உனக்குப் பணம்தானே வேண்டும்? அந்தத் தாளை மறுபடியும் அனுப்பு. உடனே கையெழுத்திட்டு விரைவஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். சங்கத்து அம்மா இரண்டு நாள் பொறுக்க மாட்டாரா? ஜெயபாலன் இப்போது வங்கியில் இல்லை, அவனுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. வங்கிக்கு ஏழாயிரம் வெள்ளி ஒரு காசே அல்ல. இத்தோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.

லியோனார்ட்


செனாய்
30 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

மீனலோசனி அம்மா போய்விட்டார். அவர் ஒரு நாள் பொறுக்கிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் வேண்டாம், என் புகாரை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். ஏமாற்றியது வங்கி இல்லை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை, நல்ல பெண்மணி.

போன வாரம்வரை உங்கள் கை பொய்க் கையெழுத்துப் போடாத கை. என்னிடம் உண்மை தெரிந்ததும் மூன்றே நாளில் அந்தக் கை பழகிவிட்டது. பழியை ஜெயபாலன் தலையில் போட்டுவிட்டு நாம் இருவரும் சேர்ந்து பூசைக்குப் போய் நற்கருணை வாங்கலாம் என்கிறீர்கள். அவன் செய்ததை அவனே என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். படிக்காதவன் வேலை செய்கிறான் என்று நீங்கள் இளக்காரமாக எழுதுகிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. தரை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன். அதைப் படித்தபோது அழுதேன், அண்ணிக்காக. அடுத்த வரியில் 'உனக்குப் பின்னால் யாரும் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். அழுகை நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் ஓர் அண்ணன் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று உட்கார்ந்து எல்லாத் தாளையும் பார்த்தேன். கடன் உங்கள் பேரில். காப்புறுதி உங்கள் பேரில். பயன் அண்ணி பேரில். என் பேர் எந்தத் தாளிலும் இல்லை. கட்டச் சொல்லி என்னைக் கேட்க யாருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆகவே மே மாதத்திலிருந்து நான் பணம் போட மாட்டேன். இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

இது நியாயம் இல்லை என்று எழுதுவீர்கள். இல்லைதான். அந்தப் பணத்தில் சமைத்து, அந்தப் பணத்தில் சாப்பிட்டவள் நான். தெரிந்தேதான் செய்கிறேன். உங்களைப் போல் இதற்கு ஒரு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. மாதம் மிச்சமாகிற எழுநூற்று ஐம்பத்தாறு வெள்ளிக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முன்பணம் கேட்காமல் ஒரு சின்னக் கடை வாடகைக்குக் கிடைக்கிறது. மலருக்குப் போன் போட்டுவிட்டேன்.

கிளாரிசா


கோத்தா திங்கி
7 ஜூலை 2024

அன்புத் தங்கை கிளாரிசாவுக்கு,

மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. சும்மா மிரட்டுகிறாய் என்றுதான் மே மாதம் நினைத்தேன். ஜூனிலும் வரவில்லை. கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தேன். இப்போது முடியவில்லை. பேட்ரிசியாவின் பல் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டோம்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் வீட்டுச் செலவுக்குக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று கேட்டாள். மழுப்பிப் பார்த்தேன், அவள் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன், நான் செத்தால் உன் மேல் ஒரு வெள்ளிக் கடன் விழாது என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எங்கோ மனதில் ஓர் எண்ணம் இருந்தது போலும்.  அவளோ, "நீங்க செத்தா எனக்குக் கடன் இல்ல, சரிலா. நீங்கதான் உயிரோட இருக்கீங்களே, இப்ப நான் என்ன பண்ண?" என்றாள். அத்தோடு உள்ளே போய்விட்டாள்.

உன் கடைக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறாள். நீ அவளுக்குச் சாப்பாடு போட்டாயாம், காசு வாங்கவில்லையாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "பேசல, சாப்பிட்டேன்" என்கிறாள். இப்போது வாரா வாரம் வரப் போகிறாளாம், காய் நறுக்க. சம்பளம் கொடுப்பாயாம்.

நான் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கிற நிலையில் நான் இல்லை.

உன்னிடம் பணம் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதிக்கொண்டே வந்ததில் கேட்க வாய் வரவில்லை. வீட்டில் யாரும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நான் எழுதுகிறவை உன் கைக்கு வருகின்றனவா, அஞ்சலிலேயே தொலைகின்றனவா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கிடைத்தது என்று ஒரு வார்த்தையாவது எழுது.

உன் அண்ணன்,
லியோனார்ட்


செனாய்
15 ஜூலை 2024

அண்ணனுக்கு,

கிடைத்தது.

கிளாரிசா